அமானுஷ்யத் தொடர்களில் பெண்: செத்த பிறகுதான் அவள் பேச்சு எடுபடுமா?

#1 கெடிலக்கரை (கடலூர்)

பேய்த் தொடரில் பெண்ணுக்குச் சக்தி இருக்கிறது, ஆகவே அழுகைத் தொடரைவிட அது மேல் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தச் சக்தி என்ன நிபந்தனையில் அவளுக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். அவள் செத்திருக்க வேண்டும். இல்லையா, மனுஷியாகப் பிறக்காமல் பாம்பாக இருக்க வேண்டும். அதுவும் இல்லையா, அவள் மேல் அம்மன் இறங்க வேண்டும். அம்மன் மலையேறிய அடுத்த காட்சியில் அவள் காபி டம்ளரோடு ஹாலுக்கு வருவாள்.

இரண்டு உதாரணம். கலர்ஸ் சேனலில் 2015 நவம்பரில் தொடங்கி, பிறகு சன் டிவியில் தமிழில் வந்த 'நாகினி'. பெற்றோரைக் கொன்றவர்களைப் பழிவாங்கப் பெண் உருவில் வரும் நாகினி ஷிவன்யா அந்த வீட்டுக்கே மருமகளாகிறாள். கூட வந்த இன்னொரு நாகினி சேஷா, ஷிவன்யாவின் கணவன் ரித்திக்கின் மேல் ஆசைப்பட்டு எதிரியாகிறாள். பெரிய குற்றவாளியாக வெளிப்படுவது மாமியார் யாமினி. ஆக, பழி, பொறாமை, சதி மூன்றும் பெண்கள் கையில். ரித்திக் மையத்தில் நிற்கும் பரிசு. இரண்டாம் பருவம் தொடங்கும்போது ஷிவன்யாவிடம் நாகினி சக்தி கிடையாது. மகள் ஷிவாங்கியைக் காப்பதுதான் அவள் வேலை. குடும்பம் வந்தது, சக்தி போனது.

ஜீ தமிழில் 2017 முதல் 2021 வரை ஓடிய 'யாரடி நீ மோகினி'யில் செத்துப்போன முதல் மனைவி ஆவியாக நின்று குழந்தையைக் காக்கிறாள். உயிரோடு வரும் ஸ்வேதாதான் கொடுமைக்காரி. நல்ல தாயாக இருக்கவும் சாக வேண்டியிருக்கிறது.

இதைக் காட்சி காட்சியாகப் பிரித்துப் பேச விரும்புகிறவர்கள் வாருங்கள். நடிகைகளின் உடை, எடை, சொந்த வாழ்க்கை பற்றி எழுதினால் நீக்கிவிடுவேன்.

#2 சீன்பேப்பர்

எழுதுகிறவர்கள் பக்கத்திலிருந்து கொஞ்சம். அரை மணி நேர இடத்தில் விளம்பரம் போக 20 முதல் 22 நிமிடம்தான் கதை. அதில் முன்கதைச் சுருக்கம், டைட்டில், கடைசியில் காட்சி உறைந்து நிற்கும் ஃப்ரீஸ், நாளைய முன்னோட்டம் எல்லாம் கழித்தால் எழுத வேண்டியது ஐந்தாறு சீன். அந்த ஐந்தாறும் பெரும்பாலும் ஒரே வீட்டுக்குள்: ஹால், அடுப்படி, பூஜை அறை, மாடிப்படி. கதாநாயகனின் கால்ஷீட் மாதத்தில் சில நாள்தான். அவன் இல்லாத நாளில் கதையை ஓட்ட வேண்டியது வீட்டுப் பெண்கள். ஆகவே கெட்டதைச் செய்பவளும் பெண், தாங்குபவளும் பெண், பயமுறுத்துபவளும் பெண். பெண் நிறைய வருகிறாள் என்பதால் கதை அவளுடையது என்று ஆகிவிடாது. அவன் இல்லாத நேரத்தை நிரப்புகிறாள்.

வெள்ளைப்புடவை ஏன் போகவே மாட்டேன் என்கிறது என்று கேட்பவர்களுக்கு: கண்டினியூட்டி. உயிரோடிருக்கும் பாத்திரத்துக்குச் சீனுக்குச் சீன் புடவை, பூ, வளையல், பொட்டு எல்லாம் குறித்து வைக்க வேண்டும். ஆவிக்கு ஒரே புடவை, ஒரே விரித்த தலை. சித்திரையில் எடுத்த ஷாட்டை ஆடியில் வரும் எபிசோடில் வெட்டி ஒட்டலாம், யாருக்கும் தெரியாது. அந்த நடிகை வராத நாளிலும் முதுகுப்பக்கம் வேறொருவரை நிறுத்தி எடுத்துவிடலாம். முகம் இல்லை, வசனம் இல்லை, புடவை மட்டும் நடமாடும். செலவு மிச்சம் பிடிக்கும் ஏற்பாடுதான் பிறகு 'ஆவி என்றால் இப்படித்தான்' என்று ஆகிவிட்டது.

#3 பம்பை (வில்லியனூர்)

சீன்பேப்பர் சொன்ன அந்த வெள்ளைப்புடவையில் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. கணவன் இருக்கும்போதே மனைவி இறந்தால் அவள் சுமங்கலி. மஞ்சள், குங்குமம், பூ, கூறைப்புடவை அல்லது புதுப்புடவை, இந்தக் கோலத்தில்தான் அனுப்புகிறார்கள். வெள்ளை, கணவனை இழந்தவளுக்குச் சொல்லப்பட்டது. தொடரில் வரும் ஆவிகளில் பெரும்பாலானவை கணவனுக்கு முன்னே செத்த மனைவிகள். அவர்களுக்கு வெள்ளை கட்டுவது வழக்கப்படியே பொருந்தாது.

தென்னார்க்காட்டுப் பக்கம் வீட்டில் கல்யாணம் வைத்தால் முதலில் பூவாடைக்காரிக்குப் படைப்பார்கள். அந்த வீட்டில் சுமங்கலியாகப் போனவள்தான் பூவாடைக்காரி. நீர்நிலையிலிருந்து அவளைப் பம்பை அடித்து அழைத்து வந்து, கலசம் வைத்து, புதுப்புடவை, மஞ்சள், பூ, வெற்றிலை பாக்கு வைத்து, 'வந்து நின்னு நடத்திக் குடும்மா' என்று கேட்பார்கள். அந்தப் புடவையை வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொள்வாள். செத்த மனைவி வீட்டுக்குள் வருவதை இங்கே யாரும் தடுப்பதில்லை. வரவில்லை என்றால்தான் கவலை. தொடரிலோ அவள் வாசற்படி தாண்டினாலே விளக்கு அணைகிறது.

இன்னொன்று. செஞ்சி, திண்டிவனம் பக்கத்துப் பேயோட்டுச் சடங்குகளில் புதுப்பெண்ணைப் பிடித்ததாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் அகால மரணமடைந்த இளைஞன். ஆசை நிறைவேறாமல் தூக்குப் போட்டுக்கொண்டவன், விபத்தில் போனவன். உடுக்கையோ பம்பையோ அடித்து, பேர் என்ன, ஊர் என்ன, எங்கே பிடித்தாய், என்ன வேண்டும் என்று வரிசையாகக் கேட்பார்கள். கேட்டதைக் கொடுத்து, உச்சி முடியில் ஒரு கற்றை எடுத்துப் புளியமரத்தில் ஆணியடிப்பார்கள். அங்கே தொல்லை கொடுப்பவன் ஆண். தொல்லை படுபவள் பெண். தொலைக்காட்சி இதைத் திருப்பிப் போட்டுவிட்டது: தொல்லை கொடுப்பவள் பெண், நடுங்குவது மொத்தக் குடும்பமும்.

#4 கெடிலக்கரை

@பம்பை, அந்த முடி விஷயத்தை இன்னும் விரித்துச் சொல்லுங்கள். விரித்த தலை என்றாலே பேய் என்று தொடர்கள் பழக்கிவிட்டன.

#5 பாரதக்கொட்டகை

முடி பற்றி நான் சொல்கிறேன், அண்ணே. கடலூர், புதுச்சேரி ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத வட்டாரம் குறைவு. பாரதம் படித்து, இரவில் கூத்து நடத்தி, அர்ச்சுனன் தபசு, அரவான் களப்பலி எல்லாம் முடிந்து கடைசியில் படுகளம். தரையில் மண்ணால் துரியோதனன் உருவத்தை நீளமாகப் படுக்க வைத்துச் செய்திருப்பார்கள். பீமன் தொடையில் அடித்ததும் அம்மனுக்குக் கூந்தல் முடிப்பார்கள். அதன் பிறகுதான் தீமிதி. சபையில் இழுத்து வரப்பட்ட அன்று முடித்த கூந்தல் அவிழ்ந்தது. சபதம் நிறைவேறும் வரை அது விரிந்தே இருக்கும். ஊரே அந்தக் கூந்தலைக் கும்பிடுகிறது. அவிழ்ந்த முடி இங்கே 'என் கணக்கு இன்னும் தீரவில்லை' என்பதற்கு அடையாளம்.

கவனிக்க வேண்டியது, அவளுக்கு அந்த அதிகாரம் வர அவள் சாகவில்லை. உயிரோடு, ஐந்து கணவர்கள் உட்கார்ந்திருக்கும் சபையில் நின்று, 'தன்னைத் தோற்ற பிறகு என்னை வைத்து ஆட உரிமை உண்டா' என்று சட்டம் கேட்டவள். போத்துராஜா அவளுக்குக் காவல். ஆண் காவல் நிற்பான், பெண் நடுவில் இருப்பாள். பச்சைவாழியம்மன் கோயில்களிலும் அதே அமைப்புதான். பெரிய பெரிய முனிகள் ஆயுதத்தோடு வெளியே காவலுக்கு உட்கார்ந்திருப்பார்கள், உள்ளே அம்மன். இந்த மண்ணில் இப்படி ஒரு முறை இருக்கும்போது, ஒவ்வொரு தொடரும் கடைசி வாரத்தில் ஒரு மந்திரவாதியைக் கூட்டி வந்து அவளைக் கலசத்தில் அடைப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கூத்தில் அந்தத் திரௌபதி வேஷம் கட்டுவது ஆண் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். துகில் உரியும் இடத்தில் கற்பூரம் காட்டி, அம்மனாகவே அவரைக் கும்பிட்ட பிறகுதான் ஆட்டம் தொடரும்.

#6 டப்பிங்அறை (முத்தியால்பேட்டை)

யாரும் தொடாத ஓர் இடம்: நீ, நீங்க.

இந்தித் தொடரில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் 'தும்' என்று சமமாகக் கூப்பிடும் இடங்கள் உண்டு. தமிழுக்கு வரும்போது அவன் 'நீ', அவள் 'நீங்க' என்று மாறிவிடுகிறது. மூலத்தில் இல்லாத ஏற்றத்தாழ்வு மொழிபெயர்ப்பில் ஏறுகிறது. உதட்டசைவுக்கும் இது உதவாது. 'தும்' ஓரசை. 'நீ' அதில் அப்படியே உட்காரும். 'நீங்க' என்றால் ஓரசை கூடுகிறது, அதற்காக வேறொரு சொல்லைக் குறைக்க வேண்டும். குறைவது பெரும்பாலும் அவள் வாக்கியத்தின் வினைச்சொல். 'நான் போறேன், நீங்க வர வேணாம்' என்பது 'நீங்க வேணாம்' என்று சுருங்குகிறது. ஒரு முடிவைச் சொன்னவள் ஒரு மறுப்பை முணுமுணுத்தவளாகிறாள்.

நேரடித் தமிழ்த் தொடரில் ஆவி புகுந்த நொடியைக் காட்ட மிக மலிவான, மிக வலுவான கருவியும் இதுதான். லென்ஸ் வேண்டாம், கிராபிக்ஸ் வேண்டாம். அதுவரை 'மாமா, சாப்பிட வாங்க' என்றவள் 'டேய் ராசப்பா' என்றால் போதும். பார்க்கிறவர்களுக்கு முதுகு சில்லிடும். ஏன் சில்லிடுகிறது என்று யோசியுங்கள். மருமகள் மாமனாரை ஒருமையில் விளித்துவிட்டாள், அவ்வளவே. மரியாதை மீறலைத்தான் நாம் பேய் என்று பயப்படுகிறோம்.

குரலிலும் அப்படியே. ஆவி பேசும்போது நடிகையின் குரலைத் தாழ்த்தி, கீழே ஓர் ஆண் குரலையோ எதிரொலியையோ சேர்ப்பது வழக்கம். அதிகாரமான பேச்சுக்கு ஆண் குரல் தேவை என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது. குறைக்காமல், அவள் வழக்கமான குரலிலேயே, ஆனால் அவசரமில்லாமல் பேச வைத்தால் இன்னும் பயமாக இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

#7 மேகலை_72

ஆண்களின் பங்கையும் சொல்லுங்களேன். 1990களின் பிற்பகுதியில் சன் டிவியில் வந்த 'மர்மதேசம்' வரிசையின் 'விடாது கருப்பு'வை எடுத்துக்கொள்ளுங்கள். நாகா இயக்கம், இந்திரா சௌந்தர்ராஜன் கதை. அங்கே கருப்பசாமி குதிரையில் வந்து தண்டிப்பார். பார்ப்பவர்கள் அதைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். அதே தண்டனையை ஒரு பெண் ஆவி கொடுத்தால் பழிவாங்கல் என்கிறோம். ஆண் தெய்வத்துக்கு ஊர் நியாயம், பெண் ஆவிக்குச் சொந்தப் பகை. குளம்படிச் சத்தம் வந்தால் குற்றவாளி மட்டும் நடுங்குகிறான். கொலுசுச் சத்தம் வந்தால் குழந்தை முதல் எல்லோரும் நடுங்குகிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடவும் வேண்டாம். 2012இல் சன் டிவியில் தொடங்கிய 'பைரவி' தொடரில் உயிரோடிருக்கும் ஒரு பெண் ஆவிகளைப் பார்க்கிறாள், அவர்கள் குறையைக் கேட்டுத் தீர்க்கிறாள். #1இல் சொன்ன மூன்று நிபந்தனைக்குள் அவள் வரமாட்டாள்.

#8 கெடிலக்கரை

ஏற்றுக்கொள்கிறேன், அக்கா. பைரவி விதிவிலக்கு. அவள் வேலை கேட்பது. அந்த வேலையை இன்னும் பலருக்குக் கொடுத்திருக்கலாம்.

#9 கூத்தாண்டவர்வீதி

திருநங்கைகளைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லையே. கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் சித்திரை பௌர்ணமியை ஒட்டி அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் தாலி அறுத்து, வெள்ளை உடுத்துகிறார்கள். பம்பை சொன்னதோடு சேர்த்துப் பார்த்தால் வெள்ளைப்புடவை சரியாகப் பொருந்தும் இடம் அது. தொடர்களில் அவர்கள் வருவது இரண்டுக்குத்தான்: கல்யாண வீட்டில் ஆசீர்வாதம், அல்லது வரப்போகும் ஆபத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவது. பேர் இருக்காது, மறுநாள் எபிசோடில் இருக்க மாட்டார்கள். ஒரு தொடரை அளக்க வேண்டுமென்றால் 'பேர் உள்ள பாத்திரமா' என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.

#10 சீன்பேப்பர்

அளப்பது என்று வந்துவிட்டதால் முறையைச் சொல்கிறேன். ஒரு நோட்டு, ஒரு தொடர், தொடர்ந்து இரண்டு வாரம். ஒரு வாரம் போதாது. திருவிழா வாரம், கல்யாண வாரம் என்று வந்தால் கணக்கு சாய்ந்துவிடும். ஒவ்வொரு சீனுக்கும் ஒரு வரி. ஐந்து கட்டம்:

பேர் உள்ளவர் யார், இல்லாதவர் யார்.
ரகசியம் யாருக்குத் தெரியும்.
சீன் முடியும்போது ஏதாவது மாறியிருந்தால் அதை மாற்றியவர் யார்.
சொன்னதை மற்றவர்கள் நம்பினார்களா.
அடி, கட்டு, பூட்டு யார் உடம்பில் விழுந்தது.

இதில் நான்காவதுதான் முக்கியம், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். பெண் உண்மையைச் சொல்வாள், யாரும் நம்ப மாட்டார்கள். அதே வாக்கியத்தைச் சாமியார் சொன்னால் உடனே நம்புவார்கள். இந்த ஜோடி எத்தனை முறை வருகிறது என்று தனியாகக் கோடு போடுங்கள்.

தவறு எங்கே நேரும்? ரியாக்‌ஷன் ஷாட்டைச் செயலாக எண்ணிவிடுவீர்கள். ஒரு முகத்தை மூன்று முறை வெட்டி வெட்டிக் காட்டுவார்கள். அவள் எதுவும் செய்திருக்க மாட்டாள். முன்கதைச் சுருக்கத்தையும் முன்னோட்டத்தையும் எண்ணினால் ஒரே அடி மூன்று நாளும் விழுந்ததாகக் கணக்கு வரும். ஆவி புகுந்த பெண்ணை யார் கணக்கில் எழுதுவது என்று தடுமாறுவீர்கள்: செயலை ஆவியின் பேரில் எழுதுங்கள், அடியை உடம்புக்காரியின் பேரில் எழுதுங்கள். அதிகாரம் ஒருத்திக்கும் காயம் இன்னொருத்திக்கும் போவது அப்போதுதான் தெரியும்.

#11 நோட்டரிசந்து

கொலைக்காகச் சொத்து, சொத்துக்காகக் கொலை என்று கதை எழுதுகிறவர்கள் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தை ஒரு தடவையாவது புரட்ட வேண்டும். கொலை செய்தவரும் அதற்கு உடந்தையாக இருந்தவரும் கொல்லப்பட்டவரின் சொத்தை வாரிசாக அடைய முடியாது, பிரிவு 25. ஒரு பெண்ணுக்குத் தாய் தந்தையிடமிருந்து வாரிசாக வந்த சொத்து, பிள்ளை இல்லாமல் அவள் இறந்தால், கணவனுக்குப் போகாது. அவள் தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும், பிரிவு 15(2). ஆகவே பிள்ளையில்லாத மருமகளை அப்படி வந்த தோப்புக்காகக் கொல்லும் கணவன் வீட்டுக்கு அந்தத் தோப்பு சட்டப்படி வராது. இது தெரிந்த ஒரு தங்கை உயிரோடு இருந்தால் போதும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்தால், அக்கா இறந்த பிறகு அந்தச் சர்வே எண்ணில் என்ன பதிவாகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். பத்திரம் மாறியிருந்தால் கேள்வி கேட்கலாம்.

புகார் செய்வது பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: கேபிள் டிவி விதிகள் 1994, விதி 6, மூடநம்பிக்கையை ஊக்குவிப்பதையும் பெண்ணை இழிவாகக் காட்டுவதையும் தடுக்கிறது. 2021 திருத்தப்படி முதலில் சேனலுக்கே எழுத வேண்டும், 15 நாளில் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தியில்லை என்றால் அடுத்த 15 நாளுக்குள் சேனல்களின் சுயக்கட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு. தேதி, நேரம், சீன் மூன்றையும் எழுதாத புகார் நிற்காது.

#12 சீன்பேப்பர்

நோட்டரிசந்து கொடுத்ததை வைத்து ஒரு சீனை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். வழக்கமான விதம்:

இரவு. ஹால். நடுவில் கோலம், சுற்றி எலுமிச்சம்பழம். மருமகள் தலைவிரித்து உட்கார்ந்திருக்கிறாள். மந்திரவாதி வேப்பிலையால் அடித்து, 'யார் நீ, சொல்' என்கிறார். அவள் சிரிக்கிறாள். மாமியார் முகம், கணவன் முகம், மாமனார் முகம். 'உங்க யாரையும் விட மாட்டேன்.' மறுபடி மூன்று முகம். திருநீறு விழுகிறது. மயங்கிச் சாய்கிறாள். ஃப்ரீஸ்.

என்ன தெரிந்தது நமக்கு? ஒன்றுமில்லை. மூன்று நிமிடம் போனது, அடி விழுந்தது.

மாற்றி எழுதியது:

பகல். பின்கட்டு. துவைகல்லில் உட்கார்ந்திருக்கிறாள் ஆவி புகுந்த மருமகள். தலை முடித்தபடியே இருக்கிறது. எதிரே, தோப்புக்காகக் கொல்லப்பட்ட முந்தைய மருமகளின் தங்கை, கையில் ஒரு பை. மாமியார் கதவோரம்.

தங்கை: அக்கா, நீதானா?
மருமகள்: பலா காய்ச்சிருக்காடி?
தங்கை: காய்ச்சிருக்கு. ஆனா குத்தகைப் பணம் ரெண்டு வருஷமா வரல.
மருமகள்: பண்ருட்டித் தோப்பு அப்பாவுக்கு அப்புறம் வாரிசா எனக்கு வந்தது. நான் யாருக்கும் கையெழுத்துப் போடல.
மாமியார்: அவ எதுவும் பேச வேணாம். உள்ள கூட்டிட்டுப் போ.
தங்கை: அத்தை, அவ பேசலைன்னாலும் வில்லங்கத்துல இருக்கு. இந்தாங்க.

பையிலிருந்து சான்று வெளியே வருகிறது. மாமியார் அதை வாங்குவதா வேண்டாமா என்று கையை நீட்டிப் பாதியில் நிறுத்துகிறாள். ஃப்ரீஸ் அந்தக் கையில்.

நடிகைகள் மூன்று பேர், இடம் ஒன்று, ராத்திரி லைட்டிங் இல்லை. செலவு குறைகிறது என்பதால் இது தயாரிப்பாளர் மேஜையிலும் நிற்கும்.

#13 டப்பிங்அறை

'பலா காய்ச்சிருக்காடி' என்ற அந்த 'டி' போதும். ஆவி என்று நிரூபிக்க வேறெதுவும் வேண்டாம். மருமகள் அந்தத் தங்கையை அதற்கு முன் 'நீங்க' என்று கூப்பிட்ட சீன் ஒன்று இரண்டு நாள் முன்னால் வந்திருக்க வேண்டும். அதை மறந்தால் இது விழாது.

#14 பாரதக்கொட்டகை

தலை முடித்திருப்பது சரிதானா என்று யோசிக்கிறேன். அவள் கணக்கு இன்னும் தீரவில்லையே. விரித்தே இருக்கட்டும், முடிச்சுப் போடும் நாளுக்காகக் கதை காத்திருக்கட்டும்.

#15 சீன்பேப்பர்

சரி. அவிழ்த்தே வைக்கிறேன். தோப்பு தங்கை பேருக்கு வரும் எபிசோடில் தங்கையே முடித்துவிடுவாள்.

#16 பம்பை (வில்லியனூர்)

ஒரே ஒரு திருத்தம். 'அக்கா, நீதானா' என்று வெறுங்கையோடு கேட்க மாட்டார்கள். கேட்பதற்கு முன்னால் ஒரு செம்புத் தண்ணீரும் ஒரு முழம் பூவும் அவள் முன்னால் வைக்க வேண்டும். வந்தவளுக்கு முதலில் தண்ணீர். பையில் சான்றோடு பூவும் இருக்கட்டும். புடவை மட்டும் வெள்ளை வேண்டாம், அவள் கல்யாணத்தன்று கட்டிய அரக்குச் சிவப்பு.